முன்பக்கம் சரியாகட்டும்

எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டுக் காரை நான் ஓட்டியது மொத்தம் நான்கே தடவை. நான்கும் வாசலிலிருந்து தெருமுனை வரை. பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் கைப்பிரேக்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தெருமுனை வந்ததும் "போதும், நல்லா ஓட்டுற" என்று பாராட்டி இறக்கிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. சாவி தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "முன்பக்கம் சரியாகட்டும், சாவி உன் கையில" என்றுதான் சொல்வார். காருக்குப் பதினெட்டு வயது. முன்சக்கரங்களைத் தாங்கும் ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் எல்லாம் தேய்ந்து, ஸ்டியரிங் சதா இடப்பக்கம் இழுக்கும். அதன் குணம் தெரிந்தவர்தான் அதை ஓட்ட முடியும் என்பது அவர் கட்சி. குணம் தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

போதாததற்கு ஓட்டுநர் இருக்கை வேறு முன்னே நகராது. அவர் ஆறடி. நான் அவர் தோளுக்குக் கொஞ்சம் கீழே. கிளட்சை நான் கட்டைவிரல் நுனியால்தான் தொட வேண்டும். இருக்கையின் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிவிட்டதாம். ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்து, முகமெல்லாம் சிவக்க இழுத்தும் காட்டினார். நானும் பாவம் மனுஷன் என்று விட்டுவிட்டேன்.

அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டுமே. எந்தத் தெருவில் எத்தனை பள்ளம், எது போன மழையில் புதிதாக விழுந்தது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். "டொக்" என்றால் இடது சக்கரம், "கிறீச்" என்றால் வலது. பள்ளம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இருக்கையிலிருந்து தன் உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்வார். கேட்டால், வண்டிக்குப் பாரம் குறையுமாம். வண்டிக்குள்ளேயே இருந்துகொண்டு பாரத்தைக் குறைக்கிற வித்தையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் போன மாதம் எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்துவிட்டது. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்டுக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். பதினோரு வருடம் காத்திருந்து வந்த பதவி. சரியாக ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தால்தான் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களின் ரத்தம் உள்ளே வரும். முதல் பஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதே ஆறே காலுக்கு. வர முடியுமா என்று தலைமை டாக்டர் கேட்டபோது யோசிக்காமல் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

நான் கொண்டுவிடுகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். அச்சகத்தில் மாலை ஷிப்ட் முடித்து வருகிறவர். ஐந்து மணிக்கு எழுப்பினால் உடம்பு எழுந்துவிடும், கண்தான் எழாது. வெள்ளோட்டமாக ஒரு வாரம் பார்த்தோம். ஐந்து நாளில் மூன்று நாள் தாமதம். மூன்றாவது தடவை தாமதமாகப் போனபோது தலைமை டாக்டர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றாம் தேதி நான் பொறுப்பேற்ற பிறகும் இப்படி நடந்தால் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து, முன்பக்கத்தைச் சரி செய்கிறோம் என்று சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.

அவர் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போய் ஒரு மதிப்பீடு வாங்கி வந்தார். முன்பக்கத்தில் இருக்கிற அத்தனையும் மாற்ற வேண்டுமாம். அந்தத் தொகைக்கு இதே மாதிரி இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். காகிதத்தை என்னிடம் நீட்டும்போது முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கட்டுப்படியாகாதே, என்ன செய்வது என்றார்.

நான் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் விசாரித்தேன். டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தனியாக வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினோம். மெக்கானிக் வாயில் பல்குச்சியோடு வந்து, காரின் முன்பக்கத்தை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். ஒரு தடவை எழும்பி நிற்க வேண்டியது, நாலு தடவை தலையாட்டிவிட்டு நின்றது. "ஷாக்ல ஒண்ணுமே இல்ல" என்றார். இவர் அதைத் தன்னைச் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு, வலது பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, இடது மட்டும் போதும் என்று வாதாடினார். ஒரு காலில் புதுச் செருப்பும் இன்னொன்றில் தேய்ந்ததும் போட்டு நடப்பீர்களா என்று மெக்கானிக் கேட்டதும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

பிறகு மெக்கானிக் எனக்காக ஒரு கணக்குப் போட்டார். ஷாக் இரண்டும் புதிது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளை மாற்ற வேண்டாம், அவற்றின் ரப்பர் புஷ்ஷை மட்டும் பிடுங்கிப் புதிதாக அழுத்திக்கொள்ளலாம். ஸ்பிரிங் பழையதே போதும். ஷாக்கை மேலே பிடித்திருக்கும் மவுண்டை இதே மாடலில் உடைத்த வண்டியிலிருந்து எடுத்துத் தருகிறேன் என்றார். பால் ஜாயின்ட்டையும் பழசில் எடுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "அதுல மட்டும் சிக்கனம் வேணாம்க்கா. அது கழண்டா சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்." சரி, அது புதிது. எல்லாம் என் கைச்சேமிப்புக்குள் அடங்கியது.

ஒன்றாம் தேதி திங்கள்கிழமை. கார் வேலைக்கு அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். அன்று காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால், இவர் காருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறார். அரைமணி நேரம். முதுகு மட்டும்தான் தெரிந்தது. வழியனுப்பு விழா நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்தவரிடம், வேண்டுமானால் போட்டோகிராபரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். அவர் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவிவிட்டு மறுபடியும் கழுவினார்.

கொட்டகையில் மெக்கானிக் பழைய ஷாக்கைக் கழற்றி இவர் கையில் கொடுத்தார். நடுவில் இருக்கும் தண்டை அமுக்கினால் அது எதிர்த்து நின்று மெல்ல இறங்க வேண்டும். இவர் ஒரு விரலால் தொட்டதும் தொபுக்கென்று உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வெளியே இழுத்தார், மறுபடியும் அமுக்கினார். இத்தனை வருடம் இதையா ஓட்டினேன் என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலில் பெருமையும் இருந்தது, வருத்தமும் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அந்தக் காரை அவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது என்பது அவருக்கு ஒரு பதவி. அதை நான்தான் காசு கொடுத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆனாலும் எனக்குச் சாவி வேண்டும்.

நான்கு மணிக்கு எல்லாம் பூட்டியாகிவிட்டது. முடிந்ததா என்று கேட்டேன். புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டுகளை இன்னும் முறுக்கவில்லை என்றார் மெக்கானிக். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு மூன்று மாதத்தில் கிழிந்துவிடுமாம். சக்கரம் தரையில் நின்று, பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. காலியாக நின்றாலும் பரவாயில்லை, ஆனால் தன் கொட்டகையில் தினமும் ஓட்டுகிறவரை உட்காரவைத்துத்தான் முறுக்குவது வழக்கம் என்றார். வண்டியை இறக்கி, கொட்டகைத் தரையில் வெட்டியிருந்த குழிக்கு மேலே நகர்த்தி நிறுத்திவிட்டு, ஸ்பானரோடு குழிக்குள் இறங்கிவிட்டார். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"தினம் ஓட்டப் போறவங்க ஏறி உக்காருங்க. நான் முறுக்கிட்டா முறுக்கினதுதான்."

இவர் கை ஓட்டுநர் கதவில் இருந்தது. பழக்கம், தானாகப் போயிருக்கும். கதவைத் திறந்தார். மூன்று வருடமாகப் பேசித் தீர்த்துவிட்டேன், இனிப் பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நாளைக் காலை ஆறு மணியும், அந்தச் சுவர்க் கடிகாரமும்தான் கண்ணுக்குள் நின்றன.

திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அவர் ஒதுங்கி நின்றார்.

"ஏறு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். வழக்கம்போல் கிளட்ச் எங்கோ தூரத்தில் இருந்தது. கட்டைவிரலை நீட்டித் துழாவினேன். அவர் குனிந்து, இருக்கைக்கு அடியில் கையைவிட்டுக் கைப்பிடியைத் தூக்கினார். முகம் சிவக்கவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. இருக்கை என்னையும் சுமந்துகொண்டு சத்தமே இல்லாமல் வழுக்கி முன்னே வந்தது. என் பாதம் கிளட்சில் முழுசாகப் பதிந்தது.

"ஆடாதீங்கக்கா" என்றார் குழிக்குள்ளிருந்து மெக்கானிக்.

நான் ஆடாமல் இருந்தேன். விரலை மட்டும் இருக்கைக்கு அடியில் விட்டுத் தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தேன். விரல் நுனியில் கெட்டியாக, மஞ்சளாக, புத்தம் புதுக் கிரீஸ். இவர் கொட்டகைக் கூரையில் எத்தனை தகரம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்து முடித்து, கொட்டகையிலிருந்து காரை நான்தான் வெளியே எடுத்தேன். வாசலிலேயே ஒரு பள்ளம், காலையில் வரும்போது "டொக்" என்று அடித்த அதே பள்ளம். பக்கத்து இருக்கையில் இவர் ஒரு நொடி முன்னதாகவே உடம்பைத் தூக்கிக்கொண்டார். கார் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. ஒரு சத்தமும் இல்லை. தூக்கிய உடம்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு உட்கார்ந்தார். அவர் கை கைப்பிரேக் பக்கமே போகவில்லை.

தெருமுனை வந்தது. நான் நிறுத்தவில்லை. அவரும் போதும் என்று சொல்லவில்லை.

"சீட்டு எப்ப சரியாச்சு?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"முன்பக்கம் சரியாச்சுல்ல. அதோட அதுவும் சரியாயிருக்கும்."