பதினாலாம் நம்பர் வீட்டு ரீடிங்

புதுக் காலனி வீடுகளுக்கு மாதம் எவ்வளவு கரண்ட் செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டது அற்புதமணிதான். மின்சார ஆபீசில் பதினேழு வருஷ சர்வீஸ். நாசரேத்துக்காரி. கல்யாணம் ஆகவில்லை, தூத்துக்குடியில் வாடகை அறையில் தனியாக இருந்தாள். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டுக்குப் பத்து யூனிட் என்று எழுதும்போது அவள் வேறு யாரையும் விசாரிக்கவில்லை. தன் செலவைத்தான் எழுதினாள்.

எழுபத்தாறு பங்குனியில் ரீடிங் வந்தது. மற்ற வீடுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. பதினாலாம் நம்பர் மட்டும் அறுபத்திரண்டு. அங்கே இருப்பது அமலோற்பவம் என்ற ஒரே ஒரு பெண்.

"பக்கத்து வீட்டுக்கு ஒயர் இழுத்துக் குடுத்திருப்பா. போய்ப் பாருங்க," என்றார் இன்ஜினியர்.

லைன்மேன் செல்வதுரையோடு அவள் போனபோது உச்சி வெயில். கதவைத் தட்டியும் யாரும் வரவில்லை. செல்வதுரை வெளிச்சுவர் மீட்டரில் பீஸ் கட்டையைப் பிடுங்கினார். அற்புதமணி பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அங்கே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திருட்டு இல்லை.

அதற்குள் கதவு படாரென்று திறந்தது. ஈரக் கையோடு நின்றாள் அமலோற்பவம். முகம் வெளுத்திருந்தது.

"ஆரு நிறுத்துனது? போட்டுருங்க, மொதல்ல போட்டுருங்க!"

செல்வதுரை அவசரமாக மாட்டிவிட்டு, அடுத்த தெருவில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார்.

உள்ளே பட்டப்பகலில் எல்லா பல்பும் எரிந்தன. உள்ளறையில் ஃபேன் கடகடவென்று சுற்றியது. கட்டிலில் யாரும் இல்லை.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஃபேன்?"

"அவுக கப்பலுக்குப் போயி பதினோரு மாசமாச்சு. நாலு மாசமாக் கடுதாசி இல்ல," என்றாள் அமலோற்பவம். "வேம்பார்ல எங்களுக்கு ஓலை வீடு. அடுத்த வீட்டுக்காரி இருமுனாக்கூடக் கேக்கும். இங்கன சுவரு கனம். ஒரு சத்தமும் வரமாட்டேங்குது. இது ஓடுனா உள்ள அவுக படுத்திருக்க மாதிரி இருக்கு."

கருப்பட்டிக் காப்பி வந்தது. வேம்பாரைப் பற்றி அவள் பேச, நாசரேத்தைப் பற்றி இவள் பேசினாள். நடுவில் அமலோற்பவம் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தாள். "நீங்க சொல்லுதது காதுல விழல."

ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. விடைபெற்று அற்புதமணி தெருவுக்கு வந்ததும், பின்னால் ஃபேன் மறுபடி ஓடத் தொடங்கியது.

"அப்ப ஒரு ஆளுக்கு அறுபத்திரண்டா? நம்ம கணக்கு தப்பா?" என்றார் இன்ஜினியர், ஆபீசில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு.

"தப்புதான் சார். நான் ஆளை மட்டும் எண்ணிட்டேன்."

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஆபீஸ் விட்டதும் அவள் காலனிக்குப் போனாள். மூன்றாவது சனிக்கிழமை பதினாலாம் நம்பர் பூட்டிக் கிடந்தது. வீட்டைக் காலி பண்ணிவிட்டு அமலோற்பவம் ஊருக்கே போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கடுதாசி வந்ததா என்று கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை.

வாங்கிப்போன மக்ரூன் பொட்டலத்தை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். தன் பஸ் வந்தும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அங்கிருந்த கண்டக்டரிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை வேம்பாருக்கு பஸ் உண்டுமா?"