பட்ஜெட்டைப் பற்றி மூக்காண்டி முதலாளியின் கருத்து

இந்தியப் பொருளாதாரம் இனி எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்தில் வைத்து முடிவு செய்யப்படும் என்று ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊரெங்கும் அறிவித்தார்கள். புதிய பட்ஜெட்டைப் பற்றித் தனியார் துறை என்ன நினைக்கிறது என்று கேட்டுப் போக டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம். தனியார் துறை பம்பாயில் இருக்கும், கல்கத்தாவில் இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். அது நம்மூர் ராஜபாளையம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தீப்பெட்டி செய்துகொண்டிருந்த விஷயம் எழுபத்தெட்டாம் வருஷம்தான் டெல்லிக்குத் தெரிந்தது.

கொட்டகை ஆறுமுகச்சாமியுடையது. சிறுதொழில் அதிபர்கள் சங்கத்தின் தலைவரும் அவர்தான். கையால் தீப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் வரியைக் குறைத்து வைத்திருந்தது. உற்பத்தி ஓர் அளவைத் தாண்டினால் சலுகை போய்விடும். ஆறுமுகச்சாமியின் உற்பத்தி அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது. எனவே அவர் ஒரு கொட்டகையை ஏழு கம்பெனிகளாக்கினார். நடுவில் சுவர் எதுவும் எழுப்பவில்லை. வாசலில் ஏழு பெயர்ப்பலகைகள் மாட்டினார். ஏழு பலகைக்கும் ஏழு முதலாளிகள் வேண்டுமே? வேலையாட்களில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஏழு பேரைப் பிடித்து லைசென்ஸ் எடுத்தார். கைநாட்டு ஆசாமிகள் தொழிலதிபர் ஆகாமல் தப்பித்தார்கள்.

மூன்றாம் பலகையின் முதலாளி மூக்காண்டி. குச்சி அடுக்கிய மரச்சட்டத்தை மருந்துத் தட்டில் முக்கி எடுப்பது அவன் வேலை. பட்ஜெட்டுக்கு ஒரு மாதம் முந்தி மருந்து பற்றிக்கொண்டது. முழங்கைவரை இரண்டு கையும் வெந்துபோயின. திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவன் திரும்பியபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவன் பெண்டாட்டி தங்கத்தாய் ஆஸ்பத்திரிக் களிம்புக்கு மேலே கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணையும் குழைத்துப் பூசினாள். அதே கொட்டகையில் அவள் பெட்டி ஒட்டுகிறவள். சோறும் அவள்தான் ஊட்ட வேண்டும்.

வேலையில் காயம்பட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறது என்று யாரோ சொல்ல, இருவரும் ஆறுமுகச்சாமியைப் பார்க்கப் போனார்கள்.

"சட்டம் இருக்கத்தாம்லே செய்யுது," என்றார் அவர். "மூணாம் நம்பர் கம்பெனிக்கு மொதலாளி யாரு?"

மூக்காண்டி கட்டுப்போட்ட கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

"அந்தாளுகிட்டப் போயிக் கேளு," என்றார். பக்கத்திலிருந்த கணக்குப்பிள்ளை காசிராஜன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு ஆறுமுகச்சாமி இறங்கி வந்தார். "டெல்லிக்காரர் வந்துட்டுப் போவட்டும். பாத்துச் செய்வோம். ஏழு மொதலாளிகளும் முன்வரிசையில உக்காரணும். நீயும் வந்துரு."

வீட்டுக்கு வரும் வழியிலேயே தங்கத்தாய் ஆரம்பித்தாள். "இஞ்சேருங்க, அந்த டெல்லிக்காரருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

"சொன்னா உன் வேலையும் போயிரும், ஏட்டி."

"போனாப் போவட்டும். இந்தக் கையோட நீங்க இன்னும் நாப்பது வருசம் இருக்கணும்லா?"

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேருக்கும் சலவை வேட்டி சட்டை வந்தது. மூக்காண்டிக்கு மட்டும் ஒரு பொன்னாடையும் சேர்ந்து வந்தது. கட்டுப்போட்ட கைகளைக் கண்டால் விருந்தாளி முகம் சுளிப்பாரே என்று காசிராஜன் அதைக் கழுத்திலிருந்து மடிவரை போர்த்திவிட்டான். கூட்டம் தொடங்கும் முன்பே பொன்னாடை பெற்ற ஒரே தொழிலதிபர் அவன்தான்.

"வாயத் தொறந்திராதலே, மொதலாளி," என்று காதோரம் சொன்னான் காசிராஜன். "கொட்டகைய மூடினா மேலநீலிதநல்லூர்லருந்து வேன்ல வாற அவ்வளவு பொம்பளையளும் உன் வீட்டு வாசல்லதான் வந்து நிப்பாளுவ."

கூட்டத்தில் ஆறுமுகச்சாமி முக்கால் மணி நேரம் பேசினார். தனியார் துறை நாட்டின் முதுகெலும்பு என்றார். முதுகெலும்பின் மேல் வரியைச் சுமத்தினால் நாடு கூன் விழுந்துவிடும் என்றார். புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் லாரி டயர் விலையைக் குறைத்தால் பாரதம் வல்லரசாகும் என்றார். எல்லாரும் ஒருமித்துக் கேட்டது, சின்னக் கம்பெனிகளுக்கான சலுகையில் பட்ஜெட் கை வைக்கக் கூடாது என்பதைத்தான்.

அதிகாரி தமிழர்தான், மெட்ராஸ்காரர். ஆறுமுகச்சாமி வீட்டில் முந்திய இரவே நன்றாகச் சாப்பிட்டிருந்தார். பெரிய மனிதர்கள் பேசியது போதும், நிஜமான சிறுதொழிலதிபர் ஒருவர் பேசட்டும் என்றார். பொன்னாடை பளபளத்ததோ என்னவோ, அவர் விரல் மூக்காண்டியைக் காட்டியது.

மூக்காண்டி எழுந்தான். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க அவனால் முடியாது. அருகிலிருந்த யாரும் எடுக்கவில்லை.

"சார், நான் மொதலாளி இல்ல. மருந்து முக்குத ஆளு. கை வெந்துபோச்சு."

ஆறுமுகச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதிகாரி கையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார். "லைசென்ஸ் உங்க பேர்லதானே இருக்கு?"

"இருக்கு, சார்."

"வருஷா வருஷம் கையெழுத்து போட்டது நீங்கதானே?"

"நாந்தான். ஆனா கம்பெனி என்னுது இல்ல. கையெழுத்து மட்டுந்தான் என்னுது."

"கையெழுத்து உங்களோடதுன்னா கம்பெனியும் உங்களோடதுதான். இல்லேன்னா அரசாங்கத்துக்கு நீங்க பொய் எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு ஆயிடும். அப்படியே எழுதிக்கட்டுமா?"

மூக்காண்டி தங்கத்தாயைத் தேடினான். பெண்களுக்கு மண்டபத்தில் இடமில்லை. அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவன் உட்கார்ந்தான்.

அதிகாரி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "பாத்தீங்களா? தன்னை முதலாளின்னு சொல்லிக்கவே கூச்சப்படறார். தொழிலாளியோட தொழிலாளியா நின்னு கையைச் சுட்டுக்கிட்டிருக்கார். பம்பாயிலே இப்படி ஒரு முதலாளியை நான் பாத்ததில்லே."

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. முதலில் தட்டியவர் ஆறுமுகச்சாமி.

பாத்துச் செய்வோம் என்றவர் பாராமலும் செய்யாமலும் இருந்தார். கொட்டகையைக் கெடுக்கப் பார்த்தவன் பெண்டாட்டிக்குப் பெட்டி கொடுக்க வேண்டாம் என்று மட்டும் உத்தரவு போட்டார். தங்கத்தாய் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி, தொழிலாளர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுதிய மனுவில் அவளே ரேகை வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து மூன்றாம் பலகையின் முகவரிக்கு அரசாங்கக் கடிதம் வந்தது. காசிராஜனே அதை மூக்காண்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, நின்றபடி வாசித்தான். கம்பெனி உரிமையாளருக்கு எழுதப்பட்டிருந்தது. தங்கள் தொழிற்சாலையில் பணிபுரிந்த மூக்காண்டி என்ற தொழிலாளிக்கு இரண்டு கைகளும் பயனற்றுப் போன பின்பும் நஷ்டஈடு வழங்காதது ஏன் என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும்.

"நம்ம பக்கந்தான எழுதியிருக்காவ," என்றாள் தங்கத்தாய். அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு வந்தது. "யாரு பதில் சொல்லணுமாம்?"

காசிராஜனுக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை. கடிதத்தை மடித்து மூக்காண்டியின் மடியில் வைத்துவிட்டுப் போனான்.

பதினைந்து நாளில் விளக்கம் போகாததால், தன் தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்காத குற்றத்துக்காக மூக்காண்டிக்கு அபராதம் விதிக்கப்பட்டது.