தேய்க்காத கண்ணாடி

ஐயம்பெருமாள் செத்து ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில், அவன் மேல் ஏறிய மோட்டார் வண்டியைத்தான் அவன் மனைவி முப்பிடாதி தினமும் காலையில் கழுவிக்கொண்டிருந்தாள்.

பாளையங்கோட்டை வக்கீல் அப்பாத்துரையின் வண்டி அது. ஜில்லாவில் அப்போது மோட்டார் வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன ஐப்பசியில், சீவலப்பேரியிலுள்ள தன் வயலைப் பார்த்துவிட்டு வக்கீல் கோர்ட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நாற்றுக்கட்டோடு ரோட்டில் போன ஐயம்பெருமாள் அடிபட்டு அங்கேயே செத்தான். கள் குடித்துவிட்டுக் குறுக்கே பாய்ந்தான் என்று போலீஸ் எழுதியது; அவன் தம்பி சங்கிலிபூதத்தான் அதில் சாட்சியாகக் கைநாட்டு வைத்தான். ஐயம்பெருமாள் குடிப்பவன்தான். ஆனால் நடவு நாளில் குடித்து முப்பிடாதி பார்த்ததில்லை. வக்கீல் அவளுக்குப் பங்களாவில் வேலை கொடுத்தார். ஐந்து வயது மகளைக் கொழுந்தன் சங்கிலிபூதத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்து சேர்ந்தாள்.

அந்த வருடத்து மழை தொடங்கிய அன்று, டிரைவர் சத்தியநேசன் சின்னத் துணிமூட்டை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து முன்கண்ணாடி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தான். சக்கரத்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த முப்பிடாதி கேட்டாள்.

"அது என்ன, டிரைவரய்யா?"

"பொகையிலை. இத தேச்சுக் காயவிட்டா மழைத்தண்ணி கண்ணாடியில நிக்காது, வழிஞ்சு ஓடிரும். இல்லன்னா பொட்டு பொட்டா நின்னுக்கிடும். ரோடே தெரியாது."

அவள் கை நின்றது. "போன ஐப்பசியில தேச்சியளா?"

தேய்த்தேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். சத்தியநேசனால் முடியவில்லை.

"இல்ல. காலையில நல்ல வெயிலு, வேண்டாம்னு விட்டுட்டேன். சீவலப்பேரி தாண்டினதும் பேய்மழை. எறங்கித் தொடைக்கட்டுமான்னு ஐயாட்ட கேட்டேன். நேரமாவுது, ஓட்டுலேன்னாரு. ஓட்டினேன்."

"அவரு குறுக்க பாஞ்சாரா?"

"நான் அவரப் பாக்கவே இல்ல, முப்பிடாதி. சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன்."

அவள் குனிந்து மீதிச் சேற்றையும் கழுவி முடித்தாள். வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இத எங்க ஊர்ல வந்து சொல்லணும்."

"ஜெயிலுக்குப் போயிருவேன். மூணு பிள்ளைய இருக்கு எனக்கு."

"கோர்ட்டுல சொல்ல வேண்டாம். எங்க கொழுந்தன்ட்ட சொல்லுங்க, போதும். எம்மவள குடிகாரன் மவளுன்னு கூப்பிடுதாவ."

இரண்டு வாரம் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நடமாடினான். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையில் வந்து நின்று, "வா, போவோம்" என்றான். மூன்று மணி நேர நடை. அவன் முன்னால் போக, அவள் தள்ளிப் பின்னால் வந்தாள். ஓரிடத்தில் அவன் நின்று, "இங்கனதான்" என்றான். வழக்கமான ரோடுதான். இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது.

சங்கிலிபூதத்தான் வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். சத்தியநேசன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பான் என்று எதிர்பார்த்தான். சங்கிலிபூதத்தானோ தலையைத் தூக்கவில்லை.

"எனக்குத் தெரியும்வே," என்றான். "நானும் ஒரு கட்டோட அண்ணனுக்குப் பின்னாலதான் வந்தேன். ஓரமாத்தான் போனான்."

முப்பிடாதி முன்னால் வந்தாள். "பெறவு ஏன் கைநாட்டு வச்சீரு?"

"வயலு வக்கீலய்யாவோடது, மயினி. கைநாட்டு வைக்கலன்னா மறுநா கலப்பையத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்? ஊருக்கே தெரியும். உங்ககிட்டதான் யாரும் சொல்லல."

அவள் வீட்டுக்குள் போய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கொழுந்தன் எழுந்து, "மயினி, சோத்தத் தின்னுட்டுப் போங்க" என்றான். அவள் திரும்பவில்லை.

பாதி வழியில் பிள்ளை இனி நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. சத்தியநேசன் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினான். முப்பிடாதி கொடுக்கவில்லை. இடுப்பில் ஏற்றிக்கொண்டு தானே நடந்தாள்.

செய்தி வக்கீல் காதுக்கு இரண்டே நாளில் போயிற்று.

"சீவலப்பேரியில போய்ப் பேசிட்டு வந்தியாமே. யாரும் ஏதும் கேட்டாங்களா?"

"இல்லய்யா."

"சரி, வண்டிய எடு."

அவ்வளவுதான். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் சத்தியநேசனை உலுக்கியது. அதன்பின் மழை வலுத்தால், புகையிலை தேய்த்திருந்தாலும் வண்டியை நிறுத்திவிடுவான். இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் எடுப்பான். பின்னாலிருந்து வக்கீல் கத்தினாலும் கேட்க மாட்டான். கார்த்திகையில் அப்படி நின்றதில் ஒரு வழக்குக்கு அவர் பிந்திப் போனார். அன்று மாலையே சத்தியநேசனுக்கு வேலை போயிற்று.

புதிதாக வந்த டிரைவரிடம் முப்பிடாதி புகையிலை மூட்டையை நீட்டினாள். "வண்டி நாறும்" என்று அவன் அதைத் தூர எறிந்தான். எடுத்து வந்து, அவன் எழும்புவதற்கு முன் அவளே தினமும் தேய்த்தாள். மழைக்காலம் முடிகிறவரை தேய்த்தாள்.

தை பிறந்ததும், இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியிடம் பெயர் கொடுத்தாள். வக்கீல் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருந்த கூட்டத்தில், மடியில் படுத்திருந்த பிள்ளை கேட்டது.

"எம்மா, அப்பா குடிச்சிட்டா விழுந்தாரு?"

"இல்லட்டி. ஓரமாத்தான் போனாரு."

கங்காணி எழும்பச் சொல்லிக் குரல் கொடுத்தான்.