பாய் மேலே வந்தால்

கடலுக்கடியில் மூழ்குகிறவர்கள் தாங்கள் இருக்குமிடம் தெரிவதற்காக மேலே ஒரு மிதவையை அனுப்புவார்கள். அதை மிதவை என்று சொன்னால் என் கணவர் ஸ்ரீரங்கனுக்கு மதிப்புக் குறைந்துவிடும். ஆங்கிலத்தில் 'மார்க்கர் பாய்' என்பார். அதையும் முழுசாகச் சொல்லப் பொறுமை இல்லாமல் வெறும் பாய் ஆக்கிவிட்டார். மயிலாப்பூரில் பாய் என்றால் படுக்கிற பாய். கடற்கரைக்குப் போனால் படகில் கட்டுகிற பாய். எங்கள் தெருவில் பழைய பேப்பர் எடுக்க வருகிறவரும் பாய்தான். இத்தனை பாய் இருக்கிற ஊரில் இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். "கடற்படையில எல்லாரும் அப்படித்தான் சொல்றா" என்று பதில் வந்தது. இவர் கடற்படையில் இருந்தவரே இல்லை. நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியில் பையன்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுப்பவர்.

ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளர், தன் காற்றுச் சிலிண்டரையும் ரப்பர் உடுப்பையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனதில் ஆரம்பித்தது எல்லாம். துறைமுகத்தில் இருந்த கருணாகரன் என்ற முன்னாள் கடற்படைக்காரர் முறையாகச் சொல்லிக்கொடுத்தார், கூடவே இறங்கவும் இறங்கினார். எப்போதும் இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டுமாம். அவர் விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போன பிறகும் இவர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அடையாறு ஊரூர் குப்பத்துக் கன்னியப்பனின் படகில் ஏறிவிடுவார். நம் கடல் எப்போதும் கலங்கல். நீட்டின கையில் விரல் தெரியாது. "என்ன பார்த்தேள்?" என்று கேட்டால், "ஒண்ணும் தெரியலை, ஆனா ரொம்ப நன்னா இருந்தது" என்பார். கச்சேரியில் தூங்கிவிட்டு வருகிறவர்களும் இப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

போன மாசியில் ஒரு நாள் நீரோட்டம் இவரைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கன்னியப்பன் இறக்கிவிட்ட இடத்திலேயே சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறான். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போய்க் குப்பத்து மணலில் உட்கார்ந்தேன். இவரோ, யாரோ கட்டுமரக்காரர்கள் திருவான்மியூரில் கரையேற்றிவிட, ரப்பர் உடுப்போடும் வெறுங்காலோடும் பஸ் ஏறி, டிக்கெட்டுக்குக் காசில்லாமல் கண்டக்டரிடம் சண்டை போட்டு, வீடு வந்து சேர்ந்திருக்கிறார். பஸ்ஸில் ஒரு அம்மாள் இவரைத் தீயணைப்புக்காரர் என்று நினைத்து, "எங்கப்பா தீப்பிடிச்சது?" என்று கேட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த மணலில் உட்கார்ந்திருந்தபோது மனசுக்குள் இவருக்குப் பதின்மூன்றாம் நாள் காரியம் வரை முடித்துவிட்டிருந்தேன்.

அன்றைக்கே நிபந்தனை போட்டேன். ஏறி வருமுன் மிதவை வர வேண்டும். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேர் அடியிலேயே இவர் வர வேண்டும். நான் படகில் உட்கார்ந்து என் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். மிதவை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று வந்தால் சிலிண்டரை விற்றுவிட வேண்டும். இவர் சரி என்றார். பிடிவாதக்காரர்தான், ஆனால் கொடுத்த வாக்கிலும் அதே பிடிவாதம் உண்டு.

மிதவைக்குத் துணி வேண்டும். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவம் அண்ணாச்சி எங்களுக்குப் பழக்கம். அவரிடம் போய் இவர், "அண்ணாச்சி, ஆள் உசரத்துக்குக் கெட்டியா ஒரு பாய் வேணும். ஈரம் தாங்கணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். சொந்தக்காரர் மூலம் பத்தமடைக்குச் சொல்லியனுப்பி, பட்டுப்பாய் ஒன்றை வரவழைத்து எங்கள் வீட்டுக் கூடத்தில் விரித்துவிட்டார். கல்யாணத்துக்கு நெய்வார்களே, அந்தப் பாய். ஓரத்தில் ஸ்ரீரங்கன் என்றும் சூடாமணி என்றும் எங்கள் பெயர்கள்.

"ஈரம் தாங்குமான்னு கேட்டியளே சார். குளிச்சிட்டுத் தொவட்டாம அப்படியே படுக்கலாம்" என்றார் அண்ணாச்சி.

இவர் திருதிருவென்று விழித்தார். நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். விஷயம் புரிந்ததும் அண்ணாச்சியே ரப்பர் பூசின மழைக்கோட்டுத் துணியில், சிவப்பில், ஒரு நீளப் பை தைத்துக்கொடுத்தார். மேல்பக்கம் மூடி, கீழ்ப்பக்கம் வாய் திறந்து இருந்தது. பையின் மேல் மஞ்சள் எழுத்தில் 'நல்லசிவம் ஜவுளி மாளிகை' என்று போட்டுக்கொண்டார். தன் கடையின் பெயர் வங்கக் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கத் தானும் படகில் வருவேன் என்றார். கயிறு சுற்றுகிற சக்கரத்தை இவர் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் கடைந்து வாங்கினார்.

பிறகு எங்கள் மொட்டை மாடியில் ஒத்திகை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வி கேட்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். இவர் பெஞ்சில் குப்புறப் படுத்துக் காலை உதைத்துக்கொண்டே பதில் சொல்வார்.

"முதல்ல என்ன?"

"தலைக்கு மேல படகு, வலை ஏதாவது இருக்கான்னு பார்க்கணும். அப்புறம் பையைப் பிரிக்கணும். கயிறு கையில கால்ல சுத்திக்கலைன்னு நிச்சயம் பண்ணிக்கணும்."

"காத்து?"

"பை வாயில கொஞ்சமாத்தான் ஊதணும். மேல போகப் போக அதே காத்து விரிஞ்சு பையை ரொப்பிடும்."

"சக்கரத்தை இடுப்புல கட்டிக்கலாமோ?"

"கூடவே கூடாது. கையை நீட்டித் தள்ளிப் பிடிச்சுக்கணும்."

"கயிறு சிக்கிண்டா?"

"விட்டுடணும். இல்லேன்னா பை என்னையும் சேர்த்து விருட்டுனு மேல இழுத்துண்டு போயிடும். அவ்வளவு வேகமா ஏறினா நுரையீரல் கிழிஞ்சுடும்."

எதிர் மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அபயாம்பாள் மாமி, சிவப்புப் பைக்குள் வாயை வைத்து ஊதியபடி காலை உதைக்கிற மனுஷனைச் சற்று நேரம் கவனித்தாள். "சூடாமணி, டாக்டர்கிட்ட காட்டினியோ?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவைத்தார். தண்ணீருக்கு மேல் பை நெட்டுக்குத்தாக நின்றால், கீழே அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். படுத்துக் கிடந்தால் கயிற்றில் ஆள் இல்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அலையைத் தாண்டுவதற்குள் என் புடவை முழங்கால்வரை நனைந்துவிட்டது. அண்ணாச்சி சலவை வேட்டியும் பட்டுச் சட்டையுமாக, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். இவர் தண்ணீரில் இறங்குமுன் கன்னியப்பனிடம், "பாய் மேல வந்த உடனே சத்தமா சொல்லணும், தெரியறதா?" என்றார்.

"இன்னா சார், பாயி இதோ மடிச்சி வெச்சிகீதே. அது எப்டி தண்ணிலேர்ந்து வரும்?" என்றான் கன்னியப்பன், படகின் பாயைக் காட்டி.

இவர் சிவப்புப் பையைக் காட்டினார்.

"அத்த சொல்றியா? சரி நைனா, பாத்தவொட்னே கத்தறேன்."

மிதவை என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. இறங்குகிற நேரத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இவர் முதுகுப்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தார். கொஞ்ச நேரம் குமிழ் வந்தது. படகு ஆடுகிற ஆட்டத்தில் அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அண்ணாச்சிக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாந்தி எடுத்து, களைத்துப்போய் படகின் விளிம்பில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நானும் கன்னியப்பனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாய்!" என்று கத்தினான் கன்னியப்பன். "பாய்! பாய்!"

தூங்கிக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்தார். கண்ணைத் திறந்தாரா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. விளிம்பில் ஒரு காலை ஊன்றினார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், கடலில் பாய்ந்துவிட்டார்.

அவர்கள் ஊரில் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு ஒருவன் 'பாய்' என்றால் மற்றவன் குதித்தாக வேண்டுமாம். யோசிக்கிறவன் பயந்தாங்கொள்ளியாம். இதெல்லாம் அவர் பிற்பாடு சொன்னது. அந்த நேரத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம், ஒரு பட்டுச் சட்டை மூழ்கி, வேட்டி மட்டும் குடை மாதிரி விரிந்து மிதந்ததைத்தான்.

"யோவ் அண்ணாச்சி! இன்னாத்துக்குயா குதிச்ச?" என்று அலறினான் கன்னியப்பன்.

"நீதானவே பாயச் சொன்ன!" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினார் அண்ணாச்சி. கிணற்று நீச்சல் தெரிந்தவர். கடலில் அது இரண்டு கை வீச்சுக்கு மேல் உதவவில்லை. நல்லவேளையாகச் சிவப்புப் பை பக்கத்திலேயே கிடந்தது. போய் அதைக் கட்டிக்கொண்டார். தன் கடைப் பெயரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, "முருகா, முருகா" என்று மிதந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணாச்சி கட்டிக்கொள்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டிருந்தேன். பை நிற்கவில்லை. படுத்துக் கிடந்தது.

"கன்னியப்பா, கயித்துல ஆள் இல்லை" என்றேன்.

அவனுக்கு அண்ணாச்சியை இழுப்பதா, இவரைத் தேடுவதா என்று புரியவில்லை. துடுப்பை நீட்டி அண்ணாச்சியைப் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இரும்மா, வருவாரு, வருவாரு" என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். நான் நான்கு பக்கமும் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் ஒரே தண்ணீர். கபாலி, இந்த மனுஷனைக் கொண்டுவந்து கொடுத்துவிடு, பாய் என்றே சொல்லிவிட்டுப் போகட்டும், இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அழுகிறேன் என்பதே அண்ணாச்சி, "அம்மா, அழாதிய" என்று தண்ணீரிலிருந்து சொன்னபோதுதான் தெரிந்தது.

படகின் மறுபக்கம், கொஞ்சம் தள்ளி, குமிழ்கள் வந்தன. அவசரமே இல்லாமல் வந்தன. அப்புறம் கண்ணாடி போட்ட தலை. கையை உயர்த்திக் காட்டிவிட்டு நிதானமாக நீந்தி வந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து குழாயை எடுத்தார்.

"அண்ணாச்சி எதுக்கு ஜலத்துல இருக்கார்?" என்று கேட்டார்.

கன்னியப்பன் இரண்டு பேரையும் ஒவ்வொருவராக மேலே இழுத்துப் போட்டான். வேட்டி இல்லாத அண்ணாச்சிக்குப் படகின் பாயைச் சுற்றிவிட்டு, கரைப்பக்கம் துடுப்புப் போட ஆரம்பித்தான்.

இவர் சிலிண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சொன்னா சொன்னபடி. நாளைக்கே விக்க ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார். குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"பை பாதி தூரம் போறச்சே சக்கரம் சிக்கிண்டுது. ஒரு இழுப்பு இழுத்தது பாரு, தோள் கழண்டுடும் போல. விட்டுட்டேன். அப்புறம் மெதுவா நடுநடுவுல நின்னு வந்தேன், அதான் நேரமாயிடுத்து."

"விட்டா சிலிண்டர் போயிடும்னு ஞாபகம் இல்லையா?"

"அதுதான் முதல்ல ஞாபகம் வந்தது."

"அப்புறம்?"

சிலிண்டரின் திருகைத் துடைத்துக்கொண்டே, "நீ படகுல உட்கார்ந்திருந்தே" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது, என்மேலும் சேர்த்துத்தான். உயிரோடு வா என்று கேட்கத் தெரியாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வா என்றல்லவா நிபந்தனை போட்டிருக்கிறேன்! ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காத மனுஷன், தனக்கு இருக்கிற ஒரே ஆசையைக் கடலுக்கடியில் தெரிந்தே கைவிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"விக்க வேண்டாம்" என்றேன். "அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஒழுங்கா வேற பண்ணுங்கோ. கருணாகரன் மாதிரி ஜோடிக்கு ஆள் கிடைக்கிறவரைக்கும் இறங்கப்படாது."

"கிடைச்சா?"

"கிடைச்சா போங்கோ. நான் படகுல வரேன்."

இவர் என் பக்கம் திரும்பினார். கண்ணாடி அழுந்தின தடம் முகத்தில் வட்டமாகச் சிவந்திருந்தது. கன்னியப்பன் இருக்கிறான், அண்ணாச்சி இருக்கிறார், மயிலாப்பூரில் யார் காதுக்காவது போகும் என்றெல்லாம் தெரிந்துதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் ஊறி, விரலெல்லாம் சுருங்கிச் சில்லென்று இருந்தது. கரை வரும்வரை நான் அதை விடவில்லை.