இருநூற்று நாற்பது டிகிரியில் ஒரு பள்ளம்

அந்தச் சிவப்பு எழுத்தை மறைப்பது ஹெலனுக்கு எட்டு வருஷப் பழக்கம். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு வயர்லெஸ் ஆன்டெனா செய்யும் சின்ன கம்பெனியில் அவள்தான் டெஸ்டிங் இன்சார்ஜ். ஆன்டெனா எந்தப் பக்கம் எவ்வளவு சிக்னல் அனுப்புகிறது என்று அளந்த கணக்கை கிராஃபாகப் போட்டு, கீழே அவள் கையெழுத்திட வேண்டும். நாலு பக்கமும் ஒரே அளவு சிக்னல் போனால் கிராஃப் தோசை மாதிரி வட்டமாக வரும். கிராஃப் போடும் சாப்ட்வேரோ எப்போதோ காலாவதியான ட்ரயல். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ‘ட்ரயல் முடிந்தது’ என்று சிவப்பில் அடித்துவிடும். ஹெலன் அதன்மேல் ஒரு வெள்ளைக் கட்டம் ஒட்டி அனுப்புவாள். போன மாதம் ஒரே ஒரு தடவை மறந்துபோனாள். சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. முறையான சாப்ட்வேரில் போட்ட கிராஃப் சனிக்கிழமைக்குள் வராவிட்டால் நானூறு ஆன்டெனா ஆர்டர் ரத்து என்று வாங்குகிறவர்கள் மெயில் போட்டுவிட்டார்கள்.

முதலாளி துளசிராமனுக்குப் பொன்னேரிப் பக்கம் நெல் வயல். வியாபாரியிடம் மூட்டைக்குப் பேரம் பேசிய வாய் சாப்ட்வேருக்கும் பேசியது.

“ஒரு படம் வரையறதுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரமா? அந்தக் காசுக்கு ஒரு ஆர்ட்டிஸ்டையே சம்பளத்துக்கு வெச்சிக்கலாமேம்மா!”

அது ஜெர்மனிக்காரன் சாப்ட்வேர். பெங்களூர்க்காரன் பன்னிரண்டாயிரம் சொன்னான். ஆனால் அதைப் போட்டால் கம்ப்யூட்டர் மூச்சுவிட மறந்து நின்றுவிடும். ஏதோ காலேஜ் பையன்கள் எழுதி இலவசமாகக் கொடுத்தது மூன்றாவது. மூன்று வாரமாக ஹெலனுக்கு இதே வேலை. சேல்ஸ்காரர்கள் “முடிவு பண்ணீங்களா மேடம்” என்று சாப்பிடும் நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள். சிக்னலைப் பற்றிப் படித்த பெண்ணைக் காய்கறிக் கடையில் நிற்கிற மாதிரி நிறுத்திவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டாள். சனிக்கிழமை எப்படியாவது வந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

புதன்கிழமை இலவச சாப்ட்வேரில் கடைசியாக எடுத்த அளவுகளைப் போட்டாள். பழையது கோட்டை நெளிவு சுளிவு இல்லாமல் வழித்துக் கொடுக்கும். இதற்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது. பத்து டிகிரிக்கு ஒரு புள்ளி, புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு. நாற்பது டிகிரியில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. மறுபாதியில் முந்நூற்று இருபதிலும் அதே மேடு. காகிதத்தில் எடுத்து நடுவில் மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பாதி மறுபாதியின் மேல் அச்சாக உட்கார்ந்தது.

கையால் செய்த எந்த ஆன்டெனாவும் இப்படி இருக்காது. அளவெடுத்த தாளைப் பார்த்தாள். இடப்பக்கத்து எண்கள் வலப்பக்கத்தில் புள்ளி பிசகாமல் இருந்தன. போன மாதத் தாள், போன வருஷத் தாள், அதற்கும் முந்தைய வருஷத் தாள் எல்லாவற்றிலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் கீழே அவள் கையெழுத்து.

மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் கம்பத்தில் மாட்டி, கையால் திருப்பித் திருப்பி அளவு எழுதுகிறவர் ஸ்டீபன். ஐம்பத்தைந்து வயசு, இரண்டு முழங்காலிலும் வலி.

“அண்ணா, பின்னாடி பாதிய நீங்க அளக்கறதே இல்லியா?”

“இல்லம்மா.” கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். “நீதான அப்டி சொன்ன?”

“நானா?”

“எட்டு வருசம் முன்ன ஒரு நாளு உம் பொண்ணுக்கு ஜூரம்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. பைய எடுத்துக்கினு ஓடிக்கினே, ‘ரவுண்டு ஆன்டெனாதானே அண்ணா, பாதி எடுத்தா மீதியும் அதேதான், எழுதிடுங்க’ன்னு சொல்லிட்டுப் போன. அன்னிலேர்ந்து அப்டிதான் எழுதினு வரேன். ஏம்மா, தப்பா?”

ஹெலனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நாளைக்குச் சொன்னது. மனுஷன் அதைக் கம்பெனிச் சட்டமாக்கிவிட்டார். அவரைத் திட்ட வாய் வரவில்லை. தன்னைத் திட்டிக்கொள்ளவும் அவளிடம் தெம்பில்லை.

வியாழக்கிழமை இருவரும் மாடி ஏறினார்கள். பதினொரு மணி வெயிலில் தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. ஸ்டீபன் திருப்பத் திருப்ப அவள் எழுதினாள். இருநூற்று இருபதில் சிக்னல் இறங்க ஆரம்பித்தது. இருநூற்று நாற்பதில் அதலபாதாளம். மூன்று தடவை அளந்தும் மாறவில்லை. ஆன்டெனாவைக் கம்பத்தோடு பிடிக்க அதோடு சேர்த்தே கொடுக்கும் இரும்பு கிளாம்ப் அந்தப் பக்கம்தான் இருந்து சிக்னலை மறித்தது. அந்தப் பக்கம் கரை இருந்தால், படகிலிருந்து வயர்லெஸ்ஸில் எவ்வளவு கத்தினாலும் கரையில் சரியாகக் கேட்காது.

“இதுவரிக்கும் எத்தினி படகுக்கு அனுப்பிகீறோம்மா?” என்று ஸ்டீபன் கேட்டார். அவள் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து, தாளின் ஓரத்தில் ஒவ்வொரு வருஷ ஆர்டரையும் எழுதிக் கூட்ட ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை புதுக் கிராஃபைத் துளசிராமன் மேஜையில் வைத்தாள். யாரோ கடித்து வைத்த தோசை மாதிரி இருந்தது. அவர் ஒரு நிமிஷம் பார்த்தார்.

“ஃப்ரீயா வாங்கினா இப்டிதாம்மா இருக்கும். நீ அந்த ஜெர்மன்காரனுக்கே ஆர்டர் போட்டுடு. ஒண்ணு எண்பதுதானே, குடுத்துடறேன்.”

மூன்று வாரம் கெஞ்சியும் வராத காசு மூன்றே வார்த்தையில் வந்துவிட்டது. ஹெலனுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

“அதோட டெமோலயும் போட்டுப் பாத்துட்டேன் சார். பெங்களூர்க்காரன்துலயும், அது நாலு தடவ நின்னு போயும், விடாம போட்டேன். எதுல போட்டாலும் இதேதான் வருது. பள்ளம் ஆன்டெனால இருக்கு.” கிளாம்பைப் பற்றியும், எட்டு வருஷமாகப் பாதிதான் அளந்ததைப் பற்றியும் சொன்னாள். ஸ்டீபன் பெயரைச் சொல்லவில்லை. “நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்.”

துளசிராமன் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

“சரி விடு. பழைய அளவு கீதுல்ல? இந்த ஒரு தடவ அத்தப் போட்டு அனுப்பிடு. கிளாம்ப மெதுவா மாத்திக்கலாம்.”

“முடியாது சார்.”

“ஆர்டர் பூடும்மா. ஒம்போது பேரு வேல செய்றாங்க இங்க. எல்லாம் வெளிய வந்தா மொதல்ல உன் வேலதான் போவும். அதுல கீறது உன் கையெழுத்து.”

“அதுக்குத்தான் சார் சொல்றேன்.”

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ரிப்போர்ட்டில் புதுக் கிராஃபை ஒட்டினாள். மெயிலில், இதுவரை அனுப்பிய ஆன்டெனாக்களின் பின்பாதி அளக்கப்படவில்லை, படகுகளில் இருப்பவற்றின் கிளாம்பைத் தயவுசெய்து சோதிக்கவும் என்று எழுதினாள். கீழே முழுப் பெயர், பதவி, சொந்த போன் நம்பர். துளசிராமன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து தடுக்கவும் இல்லை, அனுப்பு என்று சொல்லவும் இல்லை.

அனுப்பிவிட்டாள். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. சேல்ஸ்காரனாக இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். வாங்குகிறவர்களின் நம்பர். எடுத்து, “ஹெலன்தான் பேசறேன்” என்றாள்.