எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி

மடிக்கணினியைப் படாரென்று மூடினாள் பொராம். கிம்ச்சிக் குழம்புச் சட்டியோடு வந்த சுன்-இம், மகளின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி சொல்லிட்டாங்க?"

"தகுதி இல்லையாம்."

"மார்க் பத்தலையா?"

"மார்க்கெல்லாம் இருக்கும்மா."

பொய்யில்லை. சட்டக் கல்லூரி கேட்ட பட்டம் அவளிடம் இருந்தது. நுழைவுத் தேர்வை மூன்றாம் முறை எழுதி, கேட்டதற்கு மேலேயே எடுத்திருந்தாள். ஆங்கில மதிப்பெண்ணும் இருந்தது. சுன்-இம்முக்கு இதெல்லாம் மனப்பாடம். சியோலில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் கழிவறைகளைக் கழுவிக்கொண்டே மகளின் தகுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பவள் அவள்.

"பின்னே எதுதான் இல்லையாம்?"

பொராம் சட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "என்னைப் பத்தி எழுதச் சொன்ன கடிதத்துல உன்னைப் பத்தி எழுதிட்டேன். நீ முன்னே வேலை செஞ்ச இடத்துல வழுக்கி விழுந்து கை முறிஞ்சதை, நஷ்ட ஈடு கிடையாதுன்னு விரட்டினதை. அன்னிக்குத்தான் சட்டம் படிக்கணும்னு தோணிச்சுன்னு எழுதினேன்."

"அதுல என்ன தப்பு?"

"பெத்தவங்க என்ன வேலைன்னு தெரியற மாதிரி எழுதக்கூடாது. எழுதினா தள்ளிடுவாங்க. விதி இருக்குன்னு தெரியும். அது பெரிய மனுஷங்க பிள்ளைகளுக்குன்னு நெனச்சுட்டேன்."

அவள் நினைத்ததில் தவறில்லை. நீதிபதி வீட்டுப் பிள்ளைகளும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் அப்பா பேரைச் சொல்லி உள்ளே நுழையக்கூடாது என்றுதான் அந்த விதியைப் போட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் வலை விரித்தவர்களுக்குச் சிக்கியது ஒரு துப்புரவுக்காரியின் மகள். அன்று குழம்பை யாரும் தொடவில்லை.

மறுநாள் மெங் வக்கீலின் அறையைத் துடைக்கும்போது சுன்-இம் வாயை விட்டுக் கேட்டுவிட்டாள். அவர் மகனும் அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பித்திருந்தான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அலுவலகம் முழுக்க அரிசிக் கேக் கொடுத்திருந்தார்.

"ஐயா, உங்க பையன் கடிதத்துல உங்களைப் பத்தி எழுதலீங்களா?"

"ஐயையோ, ஒரு வரி எழுதலையேம்மா. எழுதினா அவ்வளவுதான்." மெங் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித்தான் பேசினார். "காலேஜ் லீவுல ஒரு வக்கீல் ஆபீஸ்ல வேலை கத்துக்கிட்டேன்னு எழுதினான். யாரோட ஆபீஸ்னு எழுதலை. அதுக்கெல்லாம் சொல்லிக்குடுக்க ஆள் இருக்காங்க. ஏன், உங்க பொண்ணு எழுதிட்டாளா?"

"எழுதிட்டாங்கய்யா."

"அடடா. என்ன செய்ய, விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

அந்த லீவு சுன்-இம்முக்கு நன்றாக நினைவிருந்தது. பையன் இதே அறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கைப்பேசியில் விளையாடினான். அவன் தின்று போட்ட நூடுல்ஸ் கிண்ணங்களை அள்ளியவள் அவள்தான். மேசையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டில் பொராம் அடுத்த வருடத்துக்கான கடிதத்தை இப்போதே எழுதிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் திரையைத் திருப்பப் பார்த்தாள்.

"காட்டுடி."

"கோவிச்சுக்காதேம்மா. வேற வழி தெரியலை."

சுன்-இம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி வேலை செய்யும் இடத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்தபோது...' சரியாகக் கூடாமல் கோணிப்போன மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பொராம் அழுதுகொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றாள் சுன்-இம். "ஆனா 'எனக்குத் தெரிந்த'ங்கறதை எடுத்துடு. சந்தேகப்படுவாங்க."