கடைசி அத்தியாயம் ஏலத்துக்கு வந்தது

என் மனைவி பிளாரன்ஸின் பெட்டியை, அடக்கம் முடிந்த மறுநாளே என் மாமியார் ஞானசௌந்தரி சாத்தான்குளத்துக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. அதற்குள் இருந்த, பிளாரன்ஸுக்கு நான் வாசித்துக்கொண்டிருந்த நாவலும் சேர்ந்து போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கேட்கப் போனால், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு மகள் பேரில் காணிக்கை வைத்தாயிற்றாம். வைத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. காணிக்கைப் பொருள்களைப் பண்டிகை ஏலத்தில்தான் எடுக்க வேண்டும்.

அந்த நாவல், தூத்துக்குடியில் கப்பல்காரர்கள் விட்டுப்போகும் ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்று. கதையில், விண்கலத்தில் ஒருவனும் ஒருத்தியும் மட்டும். அவனுக்குத் தொற்றுநோய், கதவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். டி.பி. வார்டில் பிளாரன்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். நான் பௌதிகம் படித்தவன். காற்றழுத்தக் கணக்கு தப்பு என்றேன்.

“கணக்கைத் தூக்கிக் கடல்ல போடுங்க. அவ கதவத் திறப்பாளா, மாட்டாளா?”

கடைசி அத்தியாயம் மிச்சமிருக்கையில் பிளாரன்ஸ் செத்துப்போனாள். எனக்கு அந்தக் கதவு விஷயம் மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

பண்டிகையன்று வேதக்கோயில் வளாகத்தில், காணிக்கையாக வந்த பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே புத்தகம் கிடந்தது. முன்வரிசையில் பிளாரன்ஸின் அண்ணன் அருமைநாயகம், பள்ளிக்கூட வாத்தியார்.

“வாரும் மாப்பிள்ளை. வேதம் வாசிக்க வேண்டிய நேரத்துல ராக்கெட் கதை கேட்டுச் செத்தா என் தங்கச்சி. அத எடுத்து அடுப்புல போடப்போறேன். முடிஞ்சா மேல கேளும்.”

ஏலம் விட்ட கோயில் உபதேசியார் கிருபாநிதி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். கை நீட்டினேன். பார்க்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன்.

அருமைநாயகம் விலை சொன்னார். பின்னாலிருந்து ஒரு கருப்பட்டி வியாபாரி வேடிக்கைக்குக் கூட்டினார். நான் ஆள் வைத்துக் கேட்பதாக நினைத்து வாத்தியார் மேலும் ஏற்றினார்.

“விடாதீங்க சார்வாள்! ராக்கெட்டு மேல போகுது!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

கூட்டம் சிரித்தது. நான் பக்கம் திருப்பினேன்.

“உபதேசியாரே, பிடுங்கும் அத! ஓசியில வாசிக்கான் பாரும்!” என்றார் அருமைநாயகம்.

“பெண்டாட்டிய பறிகொடுத்தவன் செய்யுத வேலையா இது?” என்றாள் மாமியார்.

கதையில் அவள் கதவைத் திறந்தாள். உடனே இல்லை. திறக்காதே என்றவனை முதலில் திட்டினாள். தலை வாரினாள். பயத்தில் விக்கல் எடுத்தது, விக்கலோடே திறந்தாள். கலம் எங்கே போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. பிளாரன்ஸ் சிரித்திருப்பாள்.

“மூணு தரம்!” என்று உபதேசியார் வாத்தியார் பேரில் ஏலத்தை முடித்தார்.

அருமைநாயகம் என் கையிலிருந்து பிடுங்கினார். வேர்த்திருந்தார்.

“இதுல அப்படி என்னவே இருக்கு?”

“ஒரு பொம்பள கதவத் திறக்கா, மச்சான். நீங்க தங்கச்சியப் பாக்காம வார்டு வாசலோட திரும்பிப் போனவர். உங்களுக்கு விளங்காது. அடுப்புல போடுங்க.”

சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.